பேப்பரில் இரண்டு ஓட்டை

கண்டியில் துப்பறிகிறவனுக்கு முதல் எதிரி மழை. நான் வாலிபனாக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, எங்கள் கோச்சி ரயிலில் தொற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த துப்பறியும் நாவல்களில் மழை பெய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அங்கே கொலைகாரன் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கால் தடத்தைப் பத்திரமாக விட்டுவிட்டுப் போவான். துப்பறியும் நிபுணர் மறுநாள் சாவகாசமாக வந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, 'இவன் வெற்றிலை போடுகிறவன், மாமியாரோடு மனஸ்தாபம் உள்ளவன்' என்று சொல்லிவிடுவார். கண்டியில் கால் தடம் அரை மணி நேரம் நிற்காது. தடம் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓடை ஓடிக்கொண்டிருக்கும்.

மழையையாவது மன்னிக்கலாம். நிபுணர் வேஷம் மாறுவார். ஒட்டுத்தாடி, பச்சைக் கண்ணாடி. அவருடைய சொந்த மனைவிக்கே அடையாளம் தெரியாது. எங்கள் ஊரில் நான் தலை வாரும் வகிட்டை இடமிருந்து வலமாக மாற்றிய அன்று, மீன் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை ஏழு பேர், "என்ன, கல்யாணமா?" என்று கேட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் கந்தோரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாவலில் மிரட்டல் கடிதம் அடித்த மெஷினை, அதில் ஓர் எழுத்து மட்டும் சாய்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கந்தோரில் இருந்த மூன்று மெஷினிலும் சாயாத எழுத்து எதுவென்று தேடவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் என் திறமை வீணாகிறது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் கோயில் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், துப்பறியும் நாவல் ஆத்துமாவைக் கறையான் மாதிரி அரித்துவிடும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கண்டிக் கத்தோலிக்க வாலிபர்கள் அந்த நாவல்களுக்கு மேலட்டை போட்டுத்தான் படித்தார்கள். மேலட்டைக்குச் சரியான காகிதம், கோயிலில் வாரம்தோறும் கொடுக்கும் ஞானப் பத்திரிகைதான். தாளும் தடிப்பு, சந்தேகமும் வராது. ஆகையால் எவனாவது ஞானப் பத்திரிகையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தால், உள்ளே ஒரு பிணம் கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த மேலட்டையைத்தான் பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் ஒரு பெண்ணின் கையில் பார்த்தேன்.

கம்பனியின் பெட்டி ஒன்று தவறிப்போய்ச் சந்தியில் இறங்கிவிட்டது என்று என்னை அனுப்பியிருந்தார்கள். வாங்குப் பலகையில் ஒரு பெரிய மனிதர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள். கையில் ஞானப் பத்திரிகை. உதட்டைக் கடித்திருந்தாள். மேலட்டை ஒரு மூலையில் கிழிந்து, உள்ளே ஒரு கை லாந்தர் பிடித்திருக்கும் படம் தெரிந்தது. அந்தப் புத்தகம் என் தலையணைக்குக் கீழேயும் இருந்தது. அவள் எட்டாவது அத்தியாயத்தில் இருக்கிறாள் என்று தடிப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. லாந்தர் அணைகிற இடம். நானும் அதுவரைதான் வந்திருந்தேன்.

கம்பளைக்குப் போகிற கோச்சி வந்தது. அப்பா எழும்பிக் கூப்பிட்டார், அவள் எழும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் எழும்பினாள், ஆனால் வாசித்துக்கொண்டே. படியில் ஒரு கால், பிளாட்பாரத்தில் ஒரு கால். கார்ட் பச்சைக் கொடியை நீட்டிவிட்டார். அவள் அந்தப் பக்கத்தை முடித்து, திருப்பி, அதற்குப் பிறகுதான் மற்றக் காலை எடுத்தாள்.

அதுவரை கல்யாணத்தை நான் அம்மைப்பால் குத்துவதைப் போல ஒரு நாள் யாரோ பிடித்து உட்காரவைத்துச் செய்துவிடுகிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு முதன்முதலாக, இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது. வாழ்நாளெல்லாம் ஒரு வீட்டில் இரண்டு ஞானப் பத்திரிகை.

பார்சல் கிளாக்கரிடம் பேச்சுக்கொடுத்ததில் விவரம் கிடைத்தது. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெரிய கிளாக்கர், ஒரே மகள். கம்பளையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு எழுதினேன். அக்கா காரியக்காரி. இரண்டே வாரத்தில் அவள் கடுதாசி வந்தது.

'அவங்க வேண்டாம்னு சொல்லல. பையனைப் பத்தி விசாரிச்சிட்டுச் சொல்றோம்னாங்க. யாரை அனுப்புவாங்க, எப்ப அனுப்புவாங்கன்னு தெரியாது. அதுவரைக்குமாவது மனுஷனா இரு. முடியை வெட்டு. பூசைக்குப் போ. உன்னோட அறையில இருக்கிறானே, அவனோட சாராயக் கடை வாசல்ல நிக்காத.'

எங்கள் ஆட்களின் கல்யாண விசாரிப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் மாப்பிள்ளையின் வீட்டுக்கு எதிரே தேத்தண்ணி குடிப்பார். மாப்பிள்ளை சவரம் செய்யும் இடத்திலேயே சவரம் செய்துகொள்வார். குடியா, இருமலா, கோபக்காரனா, கோயிலுக்குப் போகிறவனா, வேறு எங்கேயாவது தொடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். யாரிடமும் எதையும் கேட்டதாகத் தெரியாது. போய்விடுவார். ஒரு வாரத்தில் வாழ்க்கை தீர்மானமாகிவிடும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு விதிதான்: விசாரிக்க வந்தவர் யார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது.

எத்தனையோ நாவல் படித்த எனக்கா தெரியாமல் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அறையைப் பங்குபோட்டிருந்த நண்பன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளாக்கர். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. சனிக்கிழமை பின்னேரம் கால் போத்தல் சாராயம். மற்ற நாட்களில் சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவான். எங்கள் அறை மாடியில், தெருவைப் பார்த்த யன்னல். ஒரு செவ்வாய்க்கிழமை எதிர்த் தேத்தண்ணிக் கடையின் வெளி வாங்கில் ஒரு புது மனிதர் உட்கார்ந்திருந்தார். நான் நெருப்புப் பெட்டி வாங்குகிற சாக்கில் கீழே போய் அவரைச் சுற்றிவிட்டு மேலே வந்தேன்.

"மச்சான், அந்த ஆளைப் பார்."

"எந்த ஆள்?"

"கறுப்புக் கோட்டு, குடை. வேட்டிக் கரையில ரத்தம்."

"கோழி அறுத்திருப்பாரு."

"கணுக்கால்ல வெள்ளையா சவர்க்காரம். அட்டை கடிக்காம இருக்கத் தேய்ச்சது. அப்ப அந்த ரத்தம் யாரோடது?"

"அட்டையோடது."

"அவரோடது. அட்டை குடிச்சது. அவர் வந்தது புல்லு மண்டின ஈரப் பாதை. தோட்டத்துப் பாதை. நகமெல்லாம் கறுப்பு, கொழுந்துக் கறை. தேயிலை ஃபெக்டரி ஆள். இப்ப அவர் எங்க பார்க்கிறாரு?"

"நம்ம யன்னலை."

"புசல்லாவையிலிருந்து வந்த ஆள்," என்றேன்.

நண்பன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நன்றாகப் பார்த்தான். "எனக்கென்னமோ அட்டை மருந்து விக்கிறவர் மாதிரி இருக்கு," என்றான்.

கண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோட்டம், எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அட்டை என்பது எனக்கு அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை. அந்த யன்னலுக்குள் கல்யாணமாகாத கிளாக்கர்மார் இரண்டு பேர் இருந்தோம் என்பதும் வரவில்லை. நிபுணருக்கு இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு உதவியாளர் எப்போதும் கூட இருப்பார். எனக்கு வாய்த்த உதவியாளர் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிப் பூசைக்குப் போனேன். கடைசி வாங்கில் கறுப்புக் கோட்டு. என் அனுமானம் கல்லில் எழுதியதாகிவிட்டது. அவர் பார்க்க நன்மை என்கிற நற்கருணை வாங்கவேண்டும் என்றால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். அன்று பின்னேரமே போய் முழந்தாளிட்டேன். பாவசங்கீர்த்தன மரக் கூட்டுக்குள்ளிருந்து சாமியார், "நீயா?" என்றார். பழைய பாக்கி நிறைய இருந்ததால் நேரமெடுத்தது. எனக்குப் பின்னால் நின்ற கிழவிகள் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வாரம் நான் வாழ்ந்ததுபோல் ஒரு வாரம் படத்தில் ஒளிவட்டத்தோடு நிற்கிற எந்த அர்ச்சியசிஷ்டரும் வாழ்ந்திருக்கமாட்டார். தெருவில் போகும்போது கையில் செபமாலை தொங்கியது. குருட்டுப் பிச்சைக்காரரைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். அவர் இந்தப் பக்கம் உட்காருகிறவராம், திரும்பக் கூட்டிவரவேண்டியதாயிற்று. சனிக்கிழமை நண்பன் போத்தலோடு வந்தான். கறுப்புக் கோட்டுக்காரர் யன்னலுக்கு நேர் கீழே தெருவில் நின்றிருந்தார். இப்படி ஒரு சந்தர்ப்பத்தை நிபுணர் விடமாட்டார். போத்தலைப் பறித்தேன்.

"என்ன மச்சான் செய்ற?"

"இந்த மதுபானம் இந்த அறைக்குள் நுழையக் கூடாது," என்று யன்னலைப் பார்த்து உரத்துச் சொன்னேன். நாவல் தமிழ் தானாக வந்துவிட்டது.

"யாரோட பேசுற? என்னைப் பார்த்துப் பேசு. டேய், அது ஒரு வாரமா நான் காத்திருந்த போத்தல்."

யன்னல் வழியே கவிழ்த்தேன். கீழே அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்காமலே நிதானமாகக் குடையை விரித்தார். நண்பன் கட்டிலில் உட்கார்ந்து, செத்த வீட்டில் உட்காருகிறவன் மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் கதை வேறு. ஆனால் அவர் பார்க்கிறார் என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. பார்த்ததைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியவேண்டியிருந்தது. கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு அவரைப் பின்தொடர ஆரம்பித்தேன். மார்க்கெட், தபால் கந்தோர், குளக்கட்டு. நாலு நாள். நாலு நாளும் மழை. குடை விரித்தால் முன்னால் போகிற ஆள் மறைகிறார் என்று குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தேன்.

இங்கேதான் நானா வருகிறார். கண்டியிலிருந்து துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போய் வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனிதர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கிளாக்கர்மார் வீட்டுப் பெண்களெல்லாம் அவரிடம்தான் சேலை எடுப்பார்கள். என் சேர்ட்டுகளும் அவர் துணிதான். வந்தால் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, நாலு ஊர்க் கதை சொல்லிவிட்டுப் போவார். அந்த இரண்டு வாரமும் அவர் ஊரில்தான் இருந்தார். போத்தலுக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை, படியில் உட்கார்ந்து, "தம்பி, கொஞ்சம் இரிங்க, பேசுவம்," என்றார். அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கோட்டு எதிர்க் கடையை விட்டு எழும்பிக் கோயில் பக்கம் நடந்தது. "நானா, இப்ப நேரமில்ல," என்று அவர் தலைக்கு மேலாகத் தாண்டி ஓடினேன்.

இரண்டாம் தரம் அவரைச் சந்தித்தது அடுத்த வாரம் திங்கட்கிழமை, பார்பர் கடைக்கு வெளியே. உள்ளே கறுப்புக் கோட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். வெளியே நான் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு ஓட்டை போட்டு, முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து நின்றேன். இது நிபுணர்கள் வழக்கமாகச் செய்வது. திடீரென்று ஓட்டைகளில் ஒன்று இருட்டாகிவிட்டது. மறு பக்கத்திலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றார் நானா, "பேப்பர் தலகீழா ஈக்கி."

"படிக்கல நானா. பார்க்கிறேன்."

"என்னத்த?"

"அதைச் சொல்ல முடியாது."

கண் என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஒடம்பு சொகமா ஈக்கா? ராவைக்கு நல்லாத் தூங்குறீங்களா?"

"நல்ல சுகம். நானா, தயவு செஞ்சு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்கிறீங்க."

அவர் தள்ளி நின்றார். பிறகு, போகாமல், அங்கேயே நின்று என்னைப் பார்த்தார். அன்று பின்னேரம் குளக்கட்டில் ஒரு மரத்துக்குப் பின்னால் நான் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒளிந்திருந்தபோதும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு துணி மூட்டையும் குடையும் தெரிந்ததாக ஞாபகம். நான் கவனிக்கவில்லை. நான் கவனிக்கவேண்டியவர் வேறு திசையில் அல்லவா போய்க்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அக்காவின் கடுதாசி வந்தது.

'அவங்க வேண்டாம்னுட்டாங்க. பையன் நல்ல குடும்பம், குடி இல்ல, ஆனா புத்தி நிலையா இல்லைன்னு தகவலாம். யாரோ ஒரு மனுஷன் பின்னால மழையில நாள் கணக்கா அலையுறியாம். கையில குடை இருக்காம், விரிக்கமாட்டியாம். பேப்பர்ல ஓட்டை போட்டு அதுல கண்ணை வெச்சிருந்தியாம். இதெல்லாம் உண்மையா? உண்மையா இருந்தா எங்கிட்டச் சொல்லாத.'

கடுதாசியை இரண்டு தரம் வாசித்தேன். 'யாரோ ஒரு மனுஷன்' என்ற இடத்தில் நின்றேன். கறுப்புக் கோட்டுக்காரர் போய்ச் சொல்லியிருந்தால் 'என் பின்னால' என்றல்லவா சொல்லியிருப்பார். அப்படியானால் சொன்னது வேறு ஆள். அந்த ஓட்டைக்கு மறு பக்கம் கண் வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். என் ஆயுளில் நான் செய்த முதலாவது சரியான துப்பு அது. அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நானாவைத் தேடிப் போனேன். கடை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எதையும் மறைக்கவில்லை.

"பெரிய கிளாக்கர் கேட்டார் தம்பி. பதினஞ்சு வருஷமா அந்த வீட்டுக்குப் போறன், பொய் செல்ல ஏலுமா? அதுக்குத்தான் ஒங்களோட பேச வந்தன். கொஞ்சம் இரிங்க எண்டு சென்னன். நீங்க என்ட தலைக்கு மேலால பாஞ்சி போனீங்க."

"நீங்கன்னு எனக்குத் தெரியாது நானா."

"தெரியக்கூடாது தானே," என்றார் நானா.

அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகையால் எனக்குத் துக்கப்பட உரிமை உண்டா என்று தெரியவில்லை. தலையணைக்குக் கீழே இருந்த புத்தகத்தை எடுத்தேன். எட்டாவது அத்தியாயத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. கொலைகாரன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே கதிரையில் கறுப்புக் கோட்டுக்காரர். முழங்காலில் குடை.

பன்வில பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் அவர். தம் தங்கை மகளுக்காக மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர். விசாரிக்க வந்தது என்னையல்ல, என் நண்பனை. வந்த இடத்தில் அந்தப் பையன் சரிப்படாது என்று தெரிந்ததாம். அதே அறையில் இருந்த மற்றவர் மேல் கண் விழுந்ததாம். சாமியாரும், பையன் இப்போதெல்லாம் தினமும் பூசைக்கு வருகிறான் என்று சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் மூடினேன். அது அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆக, நான் கண்டுபிடித்ததெல்லாம் சரி. தோட்டம் சரி, ஃபெக்டரி சரி, விசாரிக்க வந்தவர் என்பதும் சரி. யாரை, யாருக்காக என்கிற இரண்டும்தான் தப்பு.

அறைக்குப் போய் நண்பனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவனுக்கு நான் செய்ததைக் கொலைகாரன்கூடக் கடைசி அத்தியாயத்தில் ஒப்புக்கொள்வான்.

"பன்விலயா?" என்றான். "எங்க அப்பா எழுதியிருந்தாரு, அந்தப் பக்கம் ஒரு இடம் பார்க்கிறேன்னு." எழும்பி யன்னலைச் சாத்தினான். நான் அடி விழும் என்று நினைத்தேன். "பொண்ணு போனா போகுது மச்சான். முகம்கூடத் தெரியாது. அந்தப் போத்தலையாவது நீ ஊத்தாம இருந்திருக்கலாம்."

அவனே எனக்கு மாப்பிள்ளைத் தோழனாக வந்தான். அன்றைக்கு அந்தப் போத்தலுக்கும் சேர்த்துக் குடித்தான்.

நான் ஏன் சம்மதித்தேன் என்று கேட்கலாம். 'உன்னைக் கண்ணால பார்த்த பிறகும் பொண்ணு தர்றேன்னு வர்ற குடும்பம் உலகத்துல இது ஒண்ணுதான்' என்று அக்கா எழுதினாள். 'சம்மதம்' என்று ஒரு தபாலட்டையில் எழுதிப் போட்டேன். பெண் பார்க்கப் போனபோது தேத்தண்ணி கொண்டுவந்தவள் என்னை ஒரே தரம் நிமிர்ந்து பார்த்தாள். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் அரைப் பக்கம் வரும். அவள் பார்த்தது என் சப்பாத்தில் அவிழ்ந்திருந்த கயிற்றை.

கல்யாணம் பன்விலயில் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, பெரியப்பா முறை என்றும் மாமா முறை என்றும் பலர் வந்து கையைக் குலுக்கிப் போனபின், டீமேக்கர் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம். புள்ளைகிட்டச் சொல்லாதீங்க. கண்டியில நாலு நாள் நீங்க என் பின்னாலயே வந்தீங்க இல்லையா."

என் கையில் இருந்த கேக் துண்டு அப்படியே நின்றது.

"முதல் நாளே பார்த்துட்டேன். தபால் கந்தோர்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல. எவ்வளவு தூரம் வர்றீங்கன்னு பார்க்கத்தான் போனேன். ரெண்டாம் நாள் வேணும்னே குளத்தை ரெண்டு சுத்துச் சுத்தினேன். கையில குடையை வெச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தீங்க."

"ஏன்னு நீங்க கேக்கலையே மாமா."

"எதுக்குக் கேக்கணும்? காரணம் இல்லாம நாலு நாள் ஒருத்தர் பின்னால மழையில நடக்கிற பொறுமை யாருக்கு வரும்? எங்க புள்ளைக்கு இந்த மாதிரி ஆள்தான் சரின்னு நினைச்சேன். அவளுக்குக் கொஞ்சம் பிடிவாதம்."

ஒரே சாட்சியம். நானா அதைப் பார்த்துப் பைத்தியம் என்றார். மாமா அதைப் பார்த்து மாப்பிள்ளை என்றார். நான் ஊற்றிய சாராயத்தையும் பிடித்த செபமாலையையும் யாரும் தீர்ப்பில் சேர்க்கவே இல்லை. ஆனால் அவற்றை என் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளை மனம் கோணாமல் சம்மதிக்கவேண்டுமே என்று, தினமும் ஆறு மணிப் பூசை, சாராய வாசமே ஆகாது, கெட்ட புத்தகம் தொடமாட்டார் என்று மாமா அடுக்கியிருக்கிறார். கல்யாணமான மறுவாரம் கண்டியில் குடிவந்த வீட்டில், விடிய ஐந்தரைக்கு அவள் என் தோளைத் தட்டி, "பூசைக்கு நேரமாச்சுங்க," என்றாள்.

அதிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் தினமும் ஐந்தரைக்குத் தோள் தட்டப்பட்டது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் நாவல்களில் உண்டு. செய்யாத புண்ணியத்துக்கு அனுபவித்தவன் நான் ஒருவன்தான். குளிரில் போனேன், சளியோடு போனேன். சாராயத்தின் முகம் பார்க்கவில்லை. துப்பறியும் நாவல்கள் மட்டும் அலுமாரியின் பின்தட்டில், ஞானப் பத்திரிகை மேலட்டைக்குள் தலைமறைவாக இருந்தன. வாசித்த நேரம் போக அவற்றைத் துணி மடிப்புக்குப் பின்னால் ஒளித்துவைக்க நான் செய்த உபாயங்களை எழுதினால் நாவலாகும்.

சென்ற வருஷம் நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி நன்றாக வெளுத்திருந்தது. விறாந்தையில் மூட்டையை அவிழ்த்துத் துணிகளை விரித்தார். மனைவி குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் கதிரையில்.

"தங்கச்சிக்குத் தெரியுமா," என்றார் நானா சிரித்துக்கொண்டு, "ஒங்கட மாப்புள ஒரு காலத்தில பேப்பர்ல ஓட்டை போட்டுப் பார்த்தவர்."

நான் இருமினேன். நிறுத்துகிற இருமல் அது. நானாவுக்கு வயசாகிவிட்டது; இருமலுக்கு நிற்கவில்லை. குளக்கட்டு, மரம், மடக்கின குடை, புசல்லாவைப் பெரிய கிளாக்கர், எல்லாம் வந்தது. அந்த வாரம் நான் பூசைக்குப் போனதும் யாரோ பார்க்கவேண்டும் என்றுதான் என்பதுவரை வந்தது. அதை என் நண்பன் அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான்.

மனைவி ஒரு சீத்தைத் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "அந்தப் புள்ள என்ன சொன்னாங்க நானா?" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"புசல்லாவைப் புள்ள."

"அதுவா. வாப்பா வேணாம் எண்டுட்டார். அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்பு. 'நானா, அவர் அந்த ஆளைப் பிடிச்சாரா இல்லையா' எண்டு கேட்டிச்சி. எனக்குத் தெரியாது எண்டு சென்னன். அடுத்த மாசம் போனாலும் கேக்குது, 'அந்த ஆள் யார் எண்டு தெரிஞ்சிச்சா நானா'. பொறகு கல்யாணமாகிப் பதுளைப் பக்கம் போயிட்டுது."

கடைசி அத்தியாயம் கிடைக்காத ஒரு நாவலை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் முற்றத்தைப் பார்த்தேன்.

"இதுல மூணு யார்ட் வெட்டுங்க," என்றாள் மனைவி.

அன்று முழுக்க அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோறு வழக்கம்போல் வந்தது. பருப்பில் உப்புச் சரியாக இருந்தது. நிபுணர்களுக்குச் சொல்கிறேன்: கோபமாக இருக்கிற மனைவியின் பருப்பில் உப்புக் கூடும் அல்லது குறையும். சரியாக இருந்தால் எந்த முடிவுக்கும் வரமுடியாது.

மறுநாள் விடியற்காலை என் தோளை யாரும் தட்டவில்லை. ஐந்தரைக்குக் கண் தானாக விழித்தது. குசினியில் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. அவள் எழும்பியிருக்கிறாள், எழுப்பவில்லை. படுத்தே கிடந்தேன். விடுதலைப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது. போர்வையை இழுத்துப் போர்த்துத் தூங்கவேண்டியதுதான். பத்து வருஷமாக நான் கேட்டது அதைத்தான்.

எழும்பி, முகம் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

தெருவில் பனி. எதிர்க் கடை திறக்கவில்லை. கோயிலில் கிழவிகள் நாலு பேர். கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தேன், காலி. பூசை முடிந்து, யாரும் பின்தொடராமல், வீட்டுக்கு வந்தேன்.

மேசையில் தேத்தண்ணி வைத்திருந்தாள். கோப்பைக்குப் பக்கத்தில், வெட்டவெளிச்சத்தில், ஞானப் பத்திரிகை மேலட்டை போட்ட ஒரு புத்தகம். அலுமாரியின் பின்தட்டில் நான் ஒளித்துவைத்திருந்தது. நான் விட்ட பக்கத்தில் நான் வைத்திருந்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது. அவள் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னைக்கு யார் பார்க்கிறாங்கன்னு போனீங்க?" என்றாள்.

நான் புத்தகத்தைத் திறந்து, பஸ் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "யாருமில்ல," என்றேன்.

"ம்," என்றாள். இன்னொரு போஞ்சியை எடுத்தாள்.